சிவப்புச் சீட்டு

என் மணிபர்சில் ஒரு சிவப்புச் சீட்டு இருக்கிறது. மடித்து மடித்து நாலாகப் பிரியப் பார்க்கிறது. 'பொருள்' என்ற இடத்தில் என் பெயர். 'குறை' என்ற இடத்தில் ஒரு வரி. கீழே ஆய்வாளரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரி ஓர் அக்கா. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "என்னைக் கேட்டுட்டா எழுதின?" என்று இதற்கும் ஒரு சீட்டு வரும்.

மின்சார மீட்டர் செய்கிற தொழிற்சாலையில் அக்கா கடைசி மேஜை. ஆயிரம் கை தாண்டி வரும் மீட்டரைச் சுற்றிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, ஓட விட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் ஈயச் சீல் வைப்பார். இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. சீட்டின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு: ரீவொர்க், ஸ்கிராப். திருத்தித் தரலாம் என்றால் முதல் கட்டத்தில் டிக். உருப்படாது, பழைய இரும்புக்குப் போடு என்றால் இரண்டாவதில். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது சீட்டுக் கட்டு ஒன்றும் கூடவே வந்தது.

"ஆபீஸ் சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கீங்களேக்கா" என்று ஒரு நாள் சீண்டினேன்.

"பழைய பார்மட்டு, கான்சல் பண்ணது. கேட்டு வாங்கினேன். கேட் பாஸ் கீது, பாக்கறியா?" என்றவர், பீரோவைத் திறந்து நிஜமாகவே கேட் பாஸை எடுத்து நீட்டினார்.

அதன் பிறகு தப்பிப்பது யார்? தெருமுனை பேக்கரியின் தேங்காய் பன்னுக்குச் சீட்டு. சாய்ந்து ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சீட்டு. நான் ஆசையாக வளர்த்த மீசைக்கும் ஒன்று: 'இரு பக்கமும் சமமில்லை'. ஒரு தடவை ஒன்பது நாள் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. குழாயின் கழுத்தில் நூல் கட்டிச் சீட்டைத் தொங்கவிட்டார். 'பொருள்: குழாய். குறை: காற்று மட்டும் வருகிறது.' மாநகராட்சி ஆள் ஒருவர் பைக்கில் வந்து அதைப் பார்த்துவிட்டு, "யாரு ரீ இது கட்டித்து?" என்று கன்னடத்தில் கத்தினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "நானே. நீரு பந்தமேலே தெகீதீனி" என்றார். தண்ணீர் வந்ததும் எடுத்துவிடுகிறேன் என்று அர்த்தம். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. சொன்னபடி அவரே போய் அவிழ்த்து வந்தார்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன், பெங்களூர் ஜீவனஹள்ளியில். பிரேசர் டவுனில் எங்களுக்குச் சொந்த வீடு உண்டு. தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்பதை மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்கிற வீடு. அப்பாவோடு ஒரு சண்டை போட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி வந்து குடியேறி, அதையே பெரிய புரட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கோலார் தங்கவயல்காரர். அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். கூடத்துச் சுவரில் புத்தர் படம், அதன் மேல் ஒரு நீல பல்பு. அந்த வெளிச்சத்தில்தான் எனக்குச் சாயங்காலக் காபி கிடைக்கும், உபதேசமும் கிடைக்கும்.

ஒரு நாள் அப்படிக் காபி குடிக்கும்போதுதான் 'புதுப்பொண்ணு டெஸ்ட்' பற்றிச் சொன்னார்.

"மீட்டர் பார்ட்டுங்கள எப்படி மாட்டணும்னு எஞ்சினீயருங்க ஒரு ஷீட் எழுதி லைனுக்கு மேல ஒட்டுவாங்க. அந்த ஷீட்டு சரியா தப்பான்னு எப்படிப் பாக்கறது? அன்னிக்குக் காலையில வேலைக்குச் சேந்த பொண்ணைக் கூட்டியாந்து உக்கார வெப்பேன். சுத்தி நிக்கற யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஷீட்டைப் பாத்து அவளே மாட்டிட்டா, ஷீட் பாஸ்."

"மாட்டலைன்னா?"

"ஷீட் பெயில். பொண்ணு இல்ல."

அந்தச் சோதனையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்ததே அவர்தான். அவரே ஒரு காலத்தில் புதுப்பொண்ணாக இருந்தவர். முதல் நாள் ஷீட் புரியாமல் விழித்தபோது, பக்கத்தில் நின்ற எஞ்சினீயர், "உங்களுக்கெல்லாம் இது வராதும்மா, பேக்கிங்குக்குப் போ" என்றாராம். இரண்டு வருஷம் அட்டைப்பெட்டி ஒட்டினார். பிறகு பரீட்சை எழுதி, ஆய்வாளராக அதே லைனுக்கு வந்து, முதல் நாளே அந்த ஷீட்டைக் கழற்றி அதற்குச் சீட்டு எழுதினார்.

"'உனக்கு வராது'ன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன் தம்பி. 'உங்களுக்கெல்லாம்'னா எத்தினி பேரு? எங்கப்பாவும் சேத்தியா? தங்கவயல்ல எங்க லைன் வீடுங்களே சேத்தியா? அதான் விடல."

சொல்லும்போது குரல் உயரவில்லை.

விருப்ப ஓய்வு பெற்ற மற்றப் பெண்கள் எல்லோரும் வந்த பணத்தில் வளையல் வாங்கினார்கள். அக்கா கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் போய்க் கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். தெருப் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். நாற்பது வீட்டின் தண்ணீர்க் குறையை வீடு வீடாகப் போய்க் குறித்துக்கொண்டு வந்து, தமிழில் ஒன்றும் கன்னடத்தில் ஒன்றுமாக மனு அடித்தார். கையால் எழுதின மனுவை மேஜைக்கு மேஜை தள்ளுகிறார்கள், அச்சடித்த மனுவை வாசிக்கவாவது செய்கிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. மூன்றாவது மாதம் வைரஸ் வந்தது. கடைக்காரப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்தான்.

"பார்மட் பண்ணிட்டேன்க்கா. சாப்ட்வேர் எல்லாம் புதுசா போட்டிருக்கேன்."

"நாப்பது வீடு?"

"பழசு எல்லாம் போயிடும்க்கா. அது அப்படித்தான்."

அக்கா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "புதுசா போட்டேன்னியே, அதுக்கு பில்லு, சீலு எங்க?" என்றார்.

பையன் சிரித்தான். "அதை யாருக்கா வாங்கறாங்க? காப்பிதான். பெங்களூர்ல எல்லா வீட்லயும் காப்பிதான்."

அவன் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சீல் உடைத்த மீட்டரை இருபது வருஷம் எதிரியாகப் பார்த்தவரிடம் போய்ச் சொன்னான். "சீல் ஒடைச்ச மீட்டரு எங்க வூட்ல ஓடாது" என்று அவன் முன்னாலேயே பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மானிட்டர் மேல் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கியது. அந்த சாப்ட்வேரை முறைப்படி வாங்கலாம் என்றால் அது கைக்கு எட்டுகிற விலையில் இல்லை.

அப்போதுதான் நான் மூக்கை நுழைத்தேன். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை, இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்ற இலவச சாப்ட்வேர் என்றால் எனக்கு ஒரு மிதப்பு. "அக்கா, லினக்ஸ் போட்டுக்கோங்க. காப்பி எடுத்தா திருட்டு இல்ல. எடுத்துக்கோங்கன்னு செஞ்சவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க" என்றேன்.

"எங்க எழுதியிருக்கு? காட்டு."

உரிமப் பத்திரத்தை அச்சடித்துக் கொடுத்தேன். பகவத் கீதை மாதிரி எல்லோரும் வைத்திருப்போம், யாரும் படித்ததில்லை. அக்கா அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தார். அதில் ஒரு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தார். "தொறந்து பாத்துக்கோ, மாத்திக்கோ, அடுத்தவனுக்கும் குடுன்னு எழுதியிருக்கான். இப்படி எழுதிக் குடுத்த சாமான நான் இப்பதான் பாக்கறேன்" என்றார். அவர் எதையாவது பார்த்து மலர்ந்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் லினக்ஸ் என்பது ஒன்றே ஒன்று அல்ல. உலகத்தில் பல குழுக்கள் அதே சரக்கை எடுத்துத் தங்கள் தங்கள் கைப்பக்குவத்தில் கட்டி, சிடியில் போட்டுத் தருகிறார்கள். எதைப் போடுவது? இங்கேதான் என் புத்தி தெரிந்தது. புதிதாகக் கற்பவருக்கு எது லேசு என்று நான் யோசிக்கவில்லை. எது போட்டால் ஆபீசில் நாலு பேர் என்னை மதிப்பார்களோ அதைக் கொண்டுவந்து கொடுத்தேன். பச்சை உறை.

அதைப் போட்டதும் திரை கறுப்பானது. ஒரு மூலையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டு நின்றது. அக்கா அதையே பத்து நிமிஷம் பார்த்தார். சீட்டு எழுதினார்: 'வந்தவரை வா என்று சொல்லவில்லை.'

அடுத்தது நீல உறை, பத்திரிகையோடு இலவசமாக வந்தது. 'பிகினர்களுக்கு ஏற்றது' என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. படம், பட்டன் எல்லாம் அழகாக வந்தன. எம்.பி.3 பாட்டு சிடி ஒன்றைப் போட்டுக் கேட்டார். முடிந்ததும் வெளியே எடுக்கப் பொத்தானை அழுத்தினார். தட்டு வரவில்லை. மறுபடி அழுத்தினார். வரவில்லை. மாடிக்குக் குரல் கொடுத்தார்.

"அது அன்மவுன்ட் பண்ணணும்க்கா. சிஸ்டம்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கணும்" என்றேன்.

"நான் போட்ட சிடி. என் கையாலதான் போட்டேன். எடுக்கறதுக்கு யாரு பர்மிஷன் குடுக்கறது?"

அதற்கும் சீட்டு. மூன்றாவது ஒன்று எல்லாவற்றிலும் தேறி, தமிழில் தடுக்கி விழுந்தது. கொம்புகளையெல்லாம் எழுத்துக்கு முன்னால் போடாமல் பின்னால் கொண்டுபோய் மாட்டியது. கம்ப்யூட்டர் மேஜைக்கு மேலே ஆணியில் சீட்டுகள் கோத்துக்கொண்டே போயின, மளிகைக் கடை ரசீது மாதிரி.

இந்த நேரத்தில் ஆடுகோடியிலிருந்து பெரியவர் வந்தார். பெரியவர் என்றால் அக்காவின் வீட்டுக்காரருக்கு அண்ணன். அந்த வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். சிட்டி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், பரம சாது. சின்ன வயதில் தகப்பன் போனபின் அவரை வளர்த்து, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து, வேலையில் ஏற்றிவிட்டது அண்ணன்தான். அதனால் அண்ணன் என்ன சொன்னாலும் மாமாவுக்கு வாயில் வருவது ஒரே வார்த்தை: "சரிண்ணா."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆணியில் தொங்கும் சீட்டுகளைப் பார்த்தார். "இத்தினி நாளா இவ இன்னா பண்ணிக்கினு கீறா? சிடி மாத்தி மாத்திப் போட்டுக்கினு கீறா. எம் பையன் எஞ்சினீயரிங் சேந்துட்டான். அவனுக்காவது உபயோகம். ஆயுத பூஜை அன்னிக்கு லக்கேஜ் ஆட்டோ கொண்டாறேன், தூக்கி வெச்சிடு."

"சரிண்ணா" என்றார் மாமா.

அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெரியவர் போன பிறகுதான் பேசினார். "அது நான் வாங்கினது."

"அண்ணன் கேக்கறாரு. இல்லன்னு எப்படி சொல்றது?"

"ஆயுத பூஜைக்கு ரெண்டு மாசம் கீது. அதுக்குள்ள புதுப்பொண்ணு டெஸ்ட்ல ஏதாவது ஒரு சிடி பாஸாகும். பாஸாயிடுச்சின்னா மிஷினு இங்கதான் இருக்கும். மனு நின்னு போயிருக்கு."

"பாஸே ஆவட்டும். அண்ணன்கிட்ட யாரு போயி சொல்றது?" மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை, ஊரின் லினக்ஸ் ஆர்வலர்கள் ஒரு கல்லூரி ஹாலில் கூடினார்கள். என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அக்காவும் வந்தார். மடியில் நீல உறை. ஹால் முழுக்க என் வயதுப் பையன்கள், ஜீன்ஸ், டீஷர்ட். காட்டன் புடவையில் வந்தவர் அவர் ஒருவர்தான். கேள்வி நேரத்தில் எழுந்து நின்று, உறையை உயர்த்திப் பிடித்து, சிடி தட்டு விஷயத்தை உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

மேடையில் இருந்தவன் சிரித்துவிட்டு, தமிழ்க்காரனோ என்னவோ, தமிழிலேயே சொன்னான். "இது பிகினர்ஸுக்கு இல்ல மேடம். மேனுவல் படிச்சிட்டு வாங்க."

"பிகினர்ஸுக்குன்னு அட்டை மேல எதுக்குப் போட்டீங்க?"

ஹால் சிரித்தது. அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்களா, அவரைப் பார்த்துச் சிரித்தார்களா என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கம்பெனியிலிருந்து நாலைந்து பேர் அதே வரிசையில் இருந்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

திரும்பி வரும் வழியில் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு சிக்னலில் நின்றோம். "நீ ஏன் ஒண்ணும் சொல்லல?" என்றார்.

எனக்கு என் மேல்தான் கோபம். அதை எடுத்து அவர் மேல் போட்டேன். "விட்டுடுங்கக்கா. எதுக்கு இந்த வீம்பு? அந்தப் பையனுக்கே கொடுத்துடுங்க. உங்களுக்கெல்லாம் இது வராதுக்கா."

வாயை விட்டுப் போகும்போதே காதில் விழுந்தது. அந்த வார்த்தைக்கு அவர் கணக்கில் எத்தனை பேர் என்று தெரிந்தவன் நான். தெரிந்தும் சொன்னேன். அக்கா பைக்கை விட்டு இறங்கினார். புடவையைச் சரி செய்துகொண்டு, நடைபாதையில் ஏறி நடக்க ஆரம்பித்தார். சிக்னல் பச்சையானதும் பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் போக வேண்டியதாயிற்று.

சாயங்காலம் என் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பொருள்: என் பெயர், தகப்பன் பெயர் முதலெழுத்தோடு. குறை: 'சோதிக்காமல் முடிவு சொன்னது.' நான் முதலில் பார்த்தது அடியில் இருந்த கட்டங்களைத்தான். ரீவொர்க்கில் டிக் போட்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "சீட்டுக்குப் பதில் வாயால சொல்றதில்ல. திருத்திக்கினு வா" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு என்னிடம் கம்ப்யூட்டர் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் நான் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை வாசித்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒரு லினக்ஸ், கேட்டவருக்கெல்லாம் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்புகிறார்கள் என்று. பிரவுசிங் சென்டருக்குத் தனியாகப் போய் விண்ணப்பம் நிரப்பியிருக்கிறார். ஐந்தாறு வாரம் கழித்துத் தபால்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார். வெளிநாட்டு முத்திரையோடு ஓர் அட்டைப் பார்சல். உள்ளே காவி நிற உறையில் பத்து சிடி. ஒன்று கேட்டவருக்குப் பத்து அனுப்பியிருந்தார்கள், அக்கம்பக்கத்துக்கும் கொடு என்று. அதற்காகவே அக்கா பாதி மார்க் போட்டுவிட்டார்.

அவரே போட்டார், அவரே மூடித் திறந்து பார்த்தார், அவரே ஒரு வாரம் ஓட விட்டார். வீட்டுக்கு வந்தவரை வா என்றது. தட்டைத் திற என்றால் திறந்தது. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பிரிண்டரை அதுவே அடையாளம் கண்டது. ஆனால் இன்னும் பாஸ் போடவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "சாட்சிக்கு ஒரு ஆளு வேணும். வந்து நில்லு. வாயை மட்டும் தொறக்காதே."

கீழே போனேன். கம்ப்யூட்டர் முன்னால் மாமா உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"இந்தத் தெருவுலயே இத்தத் தொடாத ஆளு இவுருதான்" என்றார் அக்கா. "ஏங்க, செவுத்துல ஷீட் ஒட்டியிருக்கேன். அதைப் பாத்து ஒரு லெட்டர் அடிக்கணும். பிரின்ட் எடுக்கணும். ஒழுங்கா மூடணும். யாருக்கு வேணா எழுதுங்க, இன்னா வேணா எழுதுங்க. என்னை மட்டும் கேக்காதீங்க."

சுவரில் அவர் கையெழுத்தில் ஏழு வரி. கீபோர்டில் ஒவ்வொரு பொத்தான் மேலும் தமிழ் எழுத்து வெட்டி ஒட்டியிருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஷீட்டை இரண்டு தடவை வாசித்தார். பஸ் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற மாதிரி கீபோர்டை இரண்டு பக்கமும் பிடித்தார். பெட்டியைத் தட்டினார். ஒளி வந்து, சத்தம் வந்து, திரை விரிந்தது. "ஸ்டார்ட் ஆயிடுச்சி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒரு விரல். ஒரு எழுத்து. தேடல். இன்னொரு எழுத்து. அரை மணி நேரத்தில் இரண்டு வரி. எனக்குக் கை துறுதுறுத்தது. 'ண' அங்கே இருக்கிறது என்று காட்டப் போனேன். அக்கா என் முழங்கையில் கிள்ளினார். நடுவில் மாமா எதையோ அழுத்தி, திரையில் கடிதம் இருந்த சன்னல் மூடப் போனது. எழுதினதைச் சேமிக்க வேண்டுமா என்று திரை கேட்டது. மாமா திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புத்தரைப் பார்த்தார். மாமா திரும்பிக்கொண்டு, கேள்வியை உதடசைத்து வாசித்து, ஒரு பொத்தானை அழுத்தினார். எழுத்துகள் போகவில்லை. அக்காவின் பெருமூச்சு எனக்குக் கேட்டது.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு பிரிண்டர் கிர்ரென்றது. மாமா தாளை எடுத்து, முழுக்க வாசித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கம்ப்யூட்டரை ஒழுங்காக மூடினார்.

"காட்டுங்க" என்றார் அக்கா.

"உனக்கு இல்ல இது" என்று எழுந்து முகம் கழுவப் போனார் மாமா.

அக்கா காவி உறையை எடுத்து, பேனாவால் 'பாஸ்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா, நான் கேட்கவில்லை. சாட்சி வாய் திறக்கக் கூடாது.

மறுநாள் லக்கேஜ் ஆட்டோ வந்து நின்றது. முன்னால் வாழைக்கன்று, சாமந்தி மாலை, சக்கரத்தில் சந்தனம். பெரியவர் கயிற்றோடு இறங்கினார். நான் மாடிப்படியில் நின்றேன். அக்கா வாசலில் நின்றார். மாமா சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

பெரியவர் கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாய்விட்டு வாசித்தார்.

"அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம். கம்பூட்டர் தர முடியாது. அது அவள் வாங்கினது. நான் சரி என்று சொன்னது தப்பு. பையன் இங்கே வந்து படிக்கட்டும். உன் தம்பி."

வாசித்து முடித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "நீ அடிச்சிக் குடுத்தியா?"

"இல்லண்ணா" என்றார் மாமா. "நான் அடிச்சேன்."

"நீயா? உனக்கு இன்னாடா தெரியும் இதுல?"

"ஒன்றரை மணி நேரம் ஆச்சு. நானே அடிச்சேன்."

"நேத்திக்கு போன் பண்ணி வாயில சொல்றதுக்கு இன்னாடா?"

மாமா தோளில் கிடந்த துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வாயில வராதுண்ணா. தொறந்தா சரிண்ணான்னுதான் வரும். அதான் அடிச்சேன்."

பெரியவர் தாளை இன்னொரு தடவை பார்த்தார். கசக்கிப் போடுவார் என்று நினைத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். கயிறு மட்டும் வாசலில் கிடந்தது. அவர் மகன் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைதோறும் வந்தான். அக்கா அவனுக்கும் ஷீட்டைத்தான் காட்டினார்.

அன்றைக்கு மாமாவுக்கு இலையில் இரண்டாவது தடவை பாயசம் விழுந்தது. சாப்பிட்டதும் அக்கா தண்ணீர்க் குறை குறித்த நோட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, முதல் வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நாற்பது வீடு.

நான் அந்த மாடியை விட்டு வந்து வெகு காலம் ஆகிறது. கம்பெனியில் எனக்கும் ஒரு குழு கொடுத்தார்கள். ஒரு மீட்டிங்கில், "யூசர்ஸ் முட்டாள்கள், நாம் என்ன செய்வது?" என்று மேலதிகாரி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மின்விசிறியைப் பார்க்கவில்லை. அன்று காலை வேலைக்குச் சேர்ந்த வரவேற்பறைப் பெண்ணைக் கூட்டிவந்து, நாங்கள் செய்த சாப்ட்வேரின் முன்னால் உட்கார வைத்து, எல்லோரையும் வாயை மூடச் சொன்னேன். அந்தப் பெண்ணால் முடியவில்லை. பெயிலானது நாங்கள்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

அந்தத் தெம்பில் சீட்டை எடுத்துக்கொண்டு ஜீவனஹள்ளிக்குப் போனேன். ரீவொர்க் ஆன பொருள், குறை சொன்ன ஆய்வாளரிடமே திரும்ப வர வேண்டும் என்பது விதி. அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. ஆணியில் புதுச் சீட்டுகள் தொங்கின. நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணும் எழுதலியே. இன்னா குறை, எங்க கண்டே, எப்படித் திருத்தினே, எல்லாத்தியும் எழுதிக்கினு வா. வாயில சொன்னா ஆகாது."

சீட்டின் பின்பக்கம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதனால்தான் தனியாக உட்கார்ந்து இவ்வளவையும் எழுதினேன். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அவர் இதையும் ரிஜெக்ட் செய்தால், மறுபடி எழுதிக்கொண்டு போவேன்.